ஆக்டேவியா ஆர்எஸ்ல அட்ஜஸ்டபிள் டம்ப் வால்வு: ஸ்க்ரூவ திருப்புனா உண்மையில என்ன மாறுது?

தேவகோட்டை ஆர்எஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வாங்குனேன், 1.8 டர்போ பெட்ரோல், 150 குதிரை சக்தி, மேனுவல் கியர். ஸ்கூல் படிக்கும்போதே பாத்து ஏங்குன வண்டி, இப்பதான் கைக்கு வந்திருக்கு. பாடி நல்லா இருக்கு, இன்ஜின் ஆயில் குடிக்கல. ஆனா முன்னாடி வச்சிருந்தவரு கம்பெனி வால்வ கழட்டிட்டு ஒரு அலுமினிய டம்ப் வால்வு மாட்டியிருக்காரு, பேரு மார்க் எதுவும் இல்ல, தலையில ஒரு ஆலன் கீ ஸ்க்ரூ, அதுமேல ஒரு லாக் நட். காத்த நேரா வெளியவே விடுற டைப்பு. பழைய வால்வுலேர்ந்து ஏர் ஃபில்டர் பக்கம் திரும்பி போற பைப்போட வாய ரப்பர் மூடி போட்டு கிளாம்ப் அடிச்சு அடைச்சிருக்காரு.

பிரச்சினை என்னன்னா ஐட்லிங் நிக்கவே மாட்டேங்குது, 600க்கு இறங்குது, 1100க்கு ஏறுது, திரும்ப இறங்குது. அப்புறம் ரெண்டாவது கியர்ல நல்லா இழுத்துட்டு மூணாவது போட கால எடுத்தா "ப்ஸ்ஷ்ஷ்"ன்னு சத்தம், கூடவே ஒரு ஜெர்க், சைலன்சர்ல கருப்பு புகை. திருப்பத்தூர் ரோட்டுல ஸ்பீட் பிரேக்கருக்கு வேகம் கொறைக்கும்போது ரெண்டு தடவ வண்டி அப்படியே நின்னே போச்சு, பின்னாடி பஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு, நெசமாவே பயந்துட்டேன்.

காரைக்குடில ஒரு ஒர்க்ஷாப்புல காட்டுனேன். அந்த ஸ்க்ரூவ கடைசி வரைக்கும் டைட் வச்சு, இனிமே பூஸ்ட்டும் (டர்போ அமுக்கி அனுப்புற காத்தோட அழுத்தம்) ஏறும்னு சொல்லி அனுப்பிட்டாக. இப்ப ஐட்லிங் நிக்குது, புகையும் கொறஞ்சிருக்கு. ஆனா கால எடுத்தா "ப்ஸ்" போயி "தத்தத்தத்"ன்னு ஒரு சத்தம் வருது, புறா றெக்க அடிக்கிற மாதிரி, கியர் மாத்துனதுக்கப்புறம் திரும்ப இழுக்க முன்ன விட நேரம் ஆகுற மாதிரி இருக்கு.

நான் கேக்குறது மூணு. இந்த ஸ்க்ரூ உண்மையில என்ன பண்ணுது? டைட் வச்சா பூஸ்ட் ஏறுமா? எந்த இடத்துல வச்சா சரி? அப்பச்சிய கூட்டிக்கிட்டு அடுத்த வாரம் பிள்ளையார்பட்டி போகணும், அதுக்குள்ள நம்பி எடுக்குற வண்டியா ஆக்கணும். தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க.

---

கண்டனூர் ரைடர்:

ப்ரோ குக்கர் வெயிட் மாதிரிதான் அது. ஸ்க்ரூ டைட் வச்சா அதிக ப்ரஷர் தாங்குனதுக்கப்புறம்தான் தொறக்கும், அதனால பூஸ்ட் ஏறும்னு சொன்னது கரெக்ட்தான்னு நெனக்கிறேன். சத்தத்த பத்தி கவலப்படாதீங்க, வெளிநாட்டு வீடியோல எல்லாம் அந்த சத்தத்துக்காகவே வால்வ கழட்டிருவாங்க.

---

பள்ளத்தூர் பட்டறை:

தம்பி, இதுல குக்கர் வெயிட்ட கொண்டாந்து வச்சுத்தான் பாதிப்பேரு தப்பா புரிஞ்சுக்கிறாக, அதனால மொதல்லேர்ந்து சொல்றேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் படிச்சிருங்க.

டர்போன்னா புகை போற வழில ஒரு சக்கரம், அதே தண்டுல இந்தப் பக்கம் காத்த அமுக்குற சக்கரம். இந்த மாதிரி சின்ன டர்போ எல்லாம் நிமிசத்துக்கு 1 லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். நீங்க ஆக்சிலேட்டர அமுக்கிக்கிட்டு இருக்குற வரைக்கும் பட்டர்ஃப்ளை, அதாவது இன்ஜினுக்கு காத்து போற வழில இருக்குற தட்டுக் கதவு, தொறந்திருக்கு, அமுக்குன காத்து பூரா இன்ஜினுக்குள்ள போயிருது. கியர் மாத்த கால எடுக்குறீக. பட்டர்ஃப்ளை டக்குன்னு மூடிக்கிது. ஆனா டர்போ சக்கரம் அந்த நொடியிலயே நிக்குமா? அது இன்னும் காத்த தள்ளிக்கிட்டேதான் இருக்கும். போர் மோட்டார் ஓடும்போது டெலிவரி பைப்புல கேட் வால்வ டக்குன்னு மூடிப்பாருங்க, பைப்பே அதிரும்ல, அதே கதைதான். போக வழியில்லாத காத்து வந்த வழியே திரும்பி டர்போ சக்கரத்து மேல மோதி, விட்டு விட்டு பின்னுக்கு போகும். அதத்தான் சர்ஜ்னு சொல்றது. நீங்க இப்ப கேக்குற "தத்தத்தத்" அந்த சத்தம்தான், புது பவர் எதுவும் வந்துரல.

அது ஒரு தடவ ரெண்டு தடவ வந்தா டர்போ போயிரும்னு பயமுறுத்த மாட்டேன், சில பேரு வருசக்கணக்கா அப்படியே ஓட்டுறாக. ஆனா ஒவ்வொரு தடவயும் சக்கரத்தோட வேகம் அடிபடுது, அதனாலதான் உங்களுக்கு மூணாவது கியர்ல இழுக்க நேரம் ஆகுது. தண்டு முன்ன பின்ன தள்ளப்படுறதால த்ரஸ்ட் பேரிங்குக்கும் அடி விழுது. 20 வருசத்து டர்போவ நான் அப்படி ஓட்ட விடமாட்டேன்.

டம்ப் வால்வு இதுக்குத்தான். பட்டர்ஃப்ளைக்கு முன்னாடி பைப்புல உக்காந்திருக்கும். உள்ள ஒரு பிஸ்டன், இல்லன்னா டயாஃப்ரம், அதுமேல ஒரு ஸ்ப்ரிங். கீழ்ப்பக்கம் டர்போலேர்ந்து வர்ற காத்து. மேல்ப்பக்கம் ஒரு சின்ன ஹோஸ், அது பட்டர்ஃப்ளைக்கு அந்தாண்ட இருக்குற மானிஃபோல்டுலேர்ந்து (சிலிண்டர்களுக்கு காத்த பிரிச்சு விடுற குழாய்) வருது. இந்த சின்ன ஹோஸ்தான் விசயமே. முழு பூஸ்ட்ல ஓடும்போது கீழ எவ்வளவு ப்ரஷரோ மேலயும் கிட்டத்தட்ட அதே ப்ரஷர், ரெண்டும் ஒண்ண ஒண்ணு சமன் பண்ணிரும், ஸ்ப்ரிங் சும்மா மூடி வச்சிருந்தா போதும். கால எடுத்த அடுத்த நொடி மானிஃபோல்டுல வெற்றிடம், மேல ஹோஸ் பிஸ்டன இழுக்குது, கீழ அடைபட்ட காத்து தள்ளுது, ரெண்டும் சேந்து ஸ்ப்ரிங்க தோக்கடிச்சு வால்வு தொறக்குது.

அதனால குக்கர் வெயிட் இல்ல இது. குக்கர் இவ்வளவு ப்ரஷர்னு வந்தா விசில் அடிக்கும். இது ப்ரஷருக்கு தொறக்காது, மேலயும் கீழயும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் தொறக்கும். ஸ்க்ரூ பண்றது ஒரே வேலை, ஸ்ப்ரிங்க முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கணுங்கறது. பூஸ்ட் எவ்வளவுன்னு தீர்மானிக்கிறது புகை பக்கத்துல இருக்குற வேஸ்ட்கேட் (மிஞ்சுற புகைய டர்போ சக்கரத்துல படாம ஒதுக்கி விடுற கதவு), அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரே ஒரு நெலமையில டைட் வச்சா பூஸ்ட் ஏறும், அது முன்னாடி வால்வு லீக் ஆகிக்கிட்டு இருந்திருந்தா. அது ஏறுறது இல்ல, ஒழுகுனது நின்னது.

---

கொத்தமங்கலம் கணக்கு:

பட்டறை அண்ணன் சொன்னதுக்கு நான் நம்பர் போட்டு காட்டுறேன், எனக்கு அப்படி பாத்தாத்தான் மண்டைல ஏறும்.

பிஸ்டன் குறுக்களவு 25 மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க, பரப்பு கிட்டத்தட்ட 4.9 சதுர சென்டிமீட்டர். நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்ல மானிஃபோல்டு வெற்றிடம் 0.65 பார் (பார்ங்கறது அழுத்தத்த அளக்குற அலகு) அளவுல இருக்கும். அப்ப பிஸ்டன தூக்குற விசை சுமார் 3.2 கிலோ. இதே வண்டிய 0.5 பார் பூஸ்ட்ல இழுத்துட்டு கால எடுத்தா மேல 0.65 இழுக்குது, கீழ 0.5 தள்ளுது, மொத்தம் 1.15 பார், விசை 5.7 கிலோ கிட்ட. ஆக ஸ்ப்ரிங் 3.2க்கு மேலயும் 5.7க்கு கீழயும் எங்கயாவது இருக்கணும். 3.2க்கு கீழ போனா ஐட்லிங்லயே வால்வு தொறந்து கெடக்கும், அதுதான் உங்களுக்கு முதல்ல இருந்த நெலம. 5.7க்கு மேல போனா கால எடுத்தாலும் தொறக்காது, அதுதான் இப்ப இருக்குற நெலம.

இன்னொண்ணு, எப்பவும் முழு பூஸ்ட்லயே யாரும் ஓட்டுறதில்ல. டவுனுக்குள்ள 0.2 பார்ல போய்க்கிட்டு கால எடுத்தா விசை 4.2 கிலோதான். அதனால நடுவுல வைக்கிறத விட, ஐட்லிங்ல மூடியிருக்குற அளவுக்கு மட்டும் ஸ்ப்ரிங் இருந்தா போதும், அதுக்கு மேல ஒரு துளி. லூஸா வைக்கத்தான் பாக்கணும், டைட்டா இல்ல. (25 மில்லிமீட்டர்ங்கறது உதாரணத்துக்கு, உங்க வால்வுல கழட்டி அளந்து பாருங்க.)

---

தேவகோட்டை ஆர்எஸ்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே, ஒர்க்ஷாப்புல ஒரு மணி நேரம் நின்னும் யாரும் இப்படி சொல்லல. ஆனா ஒண்ணு புரியல. ஐட்லிங்ல வால்வு தொறந்து கெடந்தா ஏன் ஆர்பிஎம் ஏறி எறங்கணும்? அப்புறம் கியர் மாத்தும்போது வால்வு ஒழுங்காத்தானே தொறந்துச்சு, "ப்ஸ்"னு சத்தம் வந்துச்சே, அப்ப ஏன் கருப்பு புகை?

---

பள்ளத்தூர் பட்டறை:

இதுதான் உங்க வண்டியோட மெயின் பிரச்சினை, ஸ்க்ரூ ரெண்டாவதுதான்.

உங்க 1.8ல ஏர் ஃபில்டர் டப்பா வாய்லயே காத்த அளக்குற சென்சார் இருக்கு. உள்ள எவ்வளவு காத்து போச்சுன்னு அது எண்ணி சொல்லும், அதுக்கேத்தபடி இசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பெட்ரோல் அடிக்கும். நம்ம ஊரு வீட்டுல கல்யாணம்னு வைங்க. முகப்புல நின்னு ஒருத்தரு ஆள எண்ணுறாரு, 100 பேரு வந்தாச்சுன்னு உள்ள குரல் குடுக்குறாரு, பந்தியில 100 எலை போட்டாச்சு. ஆனா 40 பேரு வளவு தாண்டி பின்கட்டு வழியா அடுத்த தெருவுக்கு போயிட்டாக. 40 எலைச் சாப்பாடு வீணா போச்சுல்ல? கால எடுக்கும்போது வால்வு காத்த வெளிய விடுறது அந்த பின்கட்டு கதவுதான். எண்ணுன காத்து வெளிய போயிருச்சு, அதுக்கான பெட்ரோல் உள்ள விழுந்துருச்சு, அதான் ஜெர்க், கருப்பு புகை, சில நேரம் ஆஃப் ஆகுறது. இப்படியே ஓட்டுனா எரியாத பெட்ரோல் போயி சைலன்சர் வழில புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துரும்.

ஐட்லிங்ல நடக்குறது இதுக்கு நேர் எதிர். தொறந்து கெடக்குற வால்வு வழியா காத்து உள்ள வருது. முகப்புல எண்ணாம பின்கட்டு வழியா ஆளு உள்ள வந்துட்டாக, எலை பத்தல. இசியூ தடுமாறி கூட்டுது, கொறைக்குது, ஆர்பிஎம் ஊஞ்சல் ஆடுது. அதைவிட எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா அந்த வழில ஃபில்டர் கெடையாது. நம்ம ஊரு செம்மண் புழுதி இருக்கே, கோடையில ஒரு லாரி போனா பத்து நிமிசம் அடங்காது, அது நேரா இன்ஜினுக்குள்ள போகுது.

கம்பெனிக்காரன் இதனாலதான் திருப்பி விடுற வால்வு வச்சான். கால எடுத்தா காத்து வெளிய போகாது, சென்சாரத் தாண்டி டர்போவுக்கு முன்னாடி உள்ள பைப்புக்கே திரும்பி போயிரும். எண்ணுன ஆளு வீட்டுக்குள்ளயேதான் இருக்காரு. ஐட்லிங்ல கொஞ்சம் தொறந்து கெடந்தாலும் கெடுதல் இல்ல, காத்து வட்டம் சுத்திக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்.

சென்சார் மானிஃபோல்டுல ப்ரஷர அளக்குற டைப்பு வண்டின்னா வெளிய விட்டாலும் இவ்வளவு குழப்பம் வராது. உங்க வண்டி அப்படி இல்ல. ஸ்க்ரூவ எந்த எடத்துல வச்சாலும் அந்த கருப்பு புகைய ஸ்க்ரூ தீர்க்காது. ஒண்ணு திரும்புற வாய் உள்ள அட்ஜஸ்டபிள் வால்வு வாங்குங்க, இல்லன்னா கம்பெனி வால்வே போடுங்க. இந்த இன்ஜினுக்கு போஷ் 710 என்னு ஒண்ணு உண்டு, பார்ட் நம்பர்ல கடைசி மூணு எண்ணும் எழுத்தும்தான் அந்த பேரு, பழைய 1.8டி வச்சிருக்கவுக எல்லாருக்கும் தெரியும். ஸ்டாக் பூஸ்ட்டுக்கு அது தாராளம்.

பழைய வால்வு எங்கயாவது டிக்கில கெடந்தா தூக்கிப் போட்டுறாதீக. டெஸ்ட் சுலபம்: உள்ள இருக்குற தட்ட வெரலால மேல அமுக்குங்க, சின்ன ஹோஸ் மாட்டுற நிப்பிள கட்ட வெரலால அடைங்க, இப்ப தட்ட விடுங்க. மேலயே நின்னா டயாஃப்ரம் நல்லா இருக்கு. மெதுவா எறங்குனா கிழிஞ்சிருக்கு, எடைக்கு போட்டுறலாம்.

---

செட்டிநாடு ஸ்கார்ப்பியோ:

நடுவுல வந்து கேக்குறேன், மன்னிக்கணும். என்கிட்ட ஸ்கார்ப்பியோ டீசல். ஆன்லைன்ல டீசலுக்குன்னே டம்ப் வால்வு கிட் விக்கிறாங்க, வயர் எல்லாம் வருது. போட்டா டர்போவுக்கு நல்லதா?

---

கொத்தமங்கலம் கணக்கு:

வேணாம் அண்ணே. டீசல்ல வேகத்த கூட்டுறதும் கொறைக்கிறதும் டீசல் அளவ வச்சுத்தான், காத்த அடைச்சு இல்ல. கால எடுத்தா டீசல் நிக்கும், காத்து வழக்கம்போல இன்ஜினுக்குள்ள போய்க்கிட்டே இருக்கும். அடைபடுற காத்தே இல்லாதப்ப தொறந்து விட என்ன இருக்கு? புது டீசல்ல சிலதுல ஒரு ஃப்ளாப் இருக்கும், அது புகை மறுசுழற்சிக்கும் வண்டி ஆஃப் பண்ணும்போது குலுங்காம நிக்கவும் வச்சது.

கால எடுத்தா வெற்றிடம் டீசல்ல வராதுங்கறதால அந்த கிட்டுல ஆக்சிலேட்டர்ல ஒரு சுவிட்ச், ஒரு சோலனாய்டு (கரண்ட்டுல வேல செய்ற சின்ன வால்வு)ன்னு வச்சு கரண்ட்டுல தொறக்க வைக்கிறாங்க. நல்லா இருக்குற காத்த சத்தத்துக்காக வெளிய விடுற ஏற்பாடு. இன்னொரு ஓட்டை, இன்னொரு கிளாம்ப், நாளைக்கு பூஸ்ட் லீக் ஆக இன்னொரு எடம். அந்த காசுக்கு இன்டர்கூலர் ஹோஸ் எல்லாம் வெடிப்பு இருக்கான்னு பாத்து மாத்துங்க.

இதோட ஒண்ணு சேத்து சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி அமைப்ப மாத்துறத பத்தி பேசுது, பிரிவு 190(2) சத்தம் புகை விதிமீறலுக்கு. வெளிய விடுற வால்வு, கருப்பு புகை ரெண்டும் சேந்தா செக்கிங்ல பதில் சொல்றது கஷ்டம். திருப்பி விடுற வால்வுக்கு இன்னொரு காரணம்.

---

தேவகோட்டை ஆர்எஸ்:

அண்ணே, பழைய வால்வு ஸ்டெப்னி குழிக்குள்ள துணில சுத்தி இருந்துச்சு! ஆனா தட்டு மெதுவா எறங்கிருச்சு, டயாஃப்ரம் போயிருக்கு. 710 என் ஆர்டர் போட்டாச்சு, வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் இந்த அலுமினிய வால்வ ஓட்டுற அளவுக்கு செட் பண்ணிக்கலாமா? எப்படி பண்றது?

---

பள்ளத்தூர் பட்டறை:

பண்ணலாம். மொதல்ல அந்த சின்ன ஹோஸ பாருங்க. மானிஃபோல்டுலேர்ந்து தனியா வரணும், வேற எதுக்கும் டீ போட்டு பிரிஞ்சிருக்கக் கூடாது, வெடிப்பு இருக்கக் கூடாது, வெற்றிடத்துல சப்பையாகுற மெல்லிசு ஹோஸா இருக்கக் கூடாது. இது சரியில்லன்னா ஸ்க்ரூவ நாள் பூரா திருப்புனாலும் பிரயோஜனம் இல்ல. கம்பெனி செட்டிங்ல இந்த ஹோஸ் ஒரு சோலனாய்டு வழியாத்தான் போகும், முன்னாடி வச்சிருந்தவரு அத பைபாஸ் பண்ணியிருந்தா 710 என் போடும்போது பழையபடி மாட்டிருங்க.

அப்புறம் வால்வ கழட்டி பிஸ்டன துடைங்க. செம்மண் ஒட்டி சிக்கியிருக்கும். துடைச்சுட்டு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் போதும், கிரீஸ அப்பாதீக, புழுதி அதுலதான் போயி ஒட்டும்.

இன்ஜின் நல்லா சூடானதுக்கப்புறம் ஏசி, லைட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஐட்லிங்ல விடுங்க. ஐட்லிங்ல அப்பத்தான் வெற்றிடம் அதிகமா இருக்கும், அந்த நெலமையில மூடி நின்னா ஏசி, லைட்டு போட்ட ஐட்லிங்லயும் மூடித்தான் நிக்கும். லாக் நட்ட லூஸ் பண்ணி ஸ்க்ரூவ கால் சுத்து கால் சுத்தா வெளிய எடுத்துக்கிட்டே வாங்க. வால்வு வாய்கிட்ட காலண்டர் தாள் ஒண்ண புடிங்க, வெரல கொண்டு போக வேணாம். ஒரு எடத்துல தாள உள்ள இழுக்க ஆரம்பிக்கும், ஆர்பிஎம்மும் ஆடும். அங்கேருந்து தாள விடுற வரைக்கும் உள்ள திருப்புங்க, அதுக்கு மேல அரை சுத்து, லாக் நட்ட டைட் பண்ணிருங்க. ரோட்டுல கொறஞ்ச பூஸ்ட்ல கால எடுத்து பாருங்க. "தத்தத்" வந்தா கால் சுத்து லூஸ்.

---

தேவகோட்டை ஆர்எஸ்:

பண்ணிட்டேன்ணே. ஹோஸ்ல மானிஃபோல்டு பக்கத்து நுனில வெரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்துச்சு, மாத்தியாச்சு. பிஸ்டன் சுத்தி செம்மண்ணும் எண்ணெயும் சேந்து களி மாதிரி. தாள் இழுக்க ஆரம்பிச்ச எடம் முழு டைட்டுலேர்ந்து மூணேகால் சுத்து வெளிய, அரை சுத்து உள்ள வச்சேன், ஐட்லிங் 800 கிட்ட ஆடாம நிக்குது.

காலைல அஞ்சரைக்கு காரைக்குடி தாண்டி திருமயம் வரைக்கும் போயிட்டு வந்தேன், கானாடுகாத்தான் பிரிவுகிட்ட ஒரு தடவ "தத்தத்" வந்துச்சு, ஓரமா நிறுத்தி கால் சுத்து லூஸ் பண்ணேன், அதுக்கப்புறம் கோட்டை தெரியுற வரைக்கும் ஒரு தடவகூட வரல. மூணாவது கியர் போட்டதும் வண்டி காத்திருக்காம இழுக்குது. முழு பூஸ்ட்ல கால எடுத்தா நீங்க சொன்ன மாதிரியே ஜெர்க்கும் லேசா புகையும் மட்டும் இன்னும் இருக்கு, 710 என் வர்ற வரைக்கும் மெதுவாவே ஓட்டுறேன். திரும்பி எங்க தெருவுக்குள்ள வரும்போது ரெண்டு பக்கமும் உசரமான சொவரு, அந்த "ப்ஸ்" எதிரொலிச்சு வளவுல படுத்திருந்த அப்பத்தா எந்திரிச்சுட்டாக. அதுவும் இன்னும் நாலு நாள்தான்.

---

பள்ளத்தூர் பட்டறை:

சந்தோசம் தம்பி. 710 என் போடும்போது அந்த ரப்பர் மூடிய எடுத்துட்டு திரும்புற ஹோஸ ரெண்டு பக்கமும் புது கிளாம்ப் போட்டு மாட்டுங்க, பழைய கிளாம்ப் வேணாம். மாட்டிட்டு சென்சார அதுக்குன்னு உள்ள ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்ணுங்க, அந்த கம்பிய துணியால தொட்டுறாதீக. ஸ்கேனர்ல பழைய எரர அழிச்சுட்டு ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டி திரும்ப பாத்து சொல்லுங்க.

---

கண்டனூர் ரைடர்:

குக்கர் வெயிட்னு நான் சொன்னது தப்பு, மேல போயி யாரும் அத படிச்சுட்டு ஸ்க்ரூவ டைட் வச்சுராதீங்க. என் ஃப்ரெண்டோட வண்டிலயும் இதே மாதிரி முழு டைட்லதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலண்டர் தாளோட போறேன்.